மாமனார் வீட்டுப் பால்

எனக்குப் பால் ஆகாது. இதைச் சொன்ன இடங்களில் பாதிப்பேர் நம்பியதில்லை, மீதிப்பேர் பரிதாபப்பட்டார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. மதுரையில் பிறந்து, கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்து, ஜிகர்தண்டா குடிக்காதவன் என்றால் நண்பர்கள் சும்மா விடுவார்களா? "ஒன்னயெல்லாம் ஊரவிட்டுத் தள்ளி வைக்கணும் மாப்ள" என்பான் ஒருவன். பள்ளியில் ஆசிரியர் அறைக்குக் காப்பி வரும்போது எனக்கு மட்டும் வரக்காப்பி. கொண்டுவரும் அக்கா நாள் தவறாமல் "ஒரு சொட்டு ஊத்தட்டுமா சார்?" என்று கேட்பார். ஒரு சொட்டால் ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் இன்றைக்கு ஒரு சொட்டுக்குச் சம்மதித்தால் நாளைக்கு அரை டம்ளர் வந்து நிற்கும். இந்த ஊர் உபசரிப்பு எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் நானும் எல்லாப் பிள்ளைகளையும் போலக் குடித்தவன்தான். எட்டு ஒன்பது வயதில் வம்பு ஆரம்பித்தது. பால் உள்ளே போய் அரை மணி நேரத்தில் வயிறு உப்பும், கடகடவென்று உருளும், அப்புறம் ஓட்டம்தான். அம்மா பூச்சி மருந்து கொடுத்தார், ஓமத்தண்ணீர் கொடுத்தார், பால்காரரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் என்னைப் பாசாங்கு பண்ணும் கள்ளன் என்று முடிவுகட்டினார். கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் நான் கள்ளன் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இப்போது நான் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். பரிணாமப் பாடத்தை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு முடித்துக்கொள்வது எங்கள் பள்ளியில் வழக்கம். மனிதனிடம் வந்துவிட்டால் ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும். அதற்கு நான் சொல்லும் பதில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் எனக்கே திரும்பி வரும். அதனால் நான் என் வயிற்றை வைத்துப் பாடம் நடத்துவேன். என் வயிற்றைப் பற்றிப் பேச யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லையே.

தாய்ப்பால் மறந்த எந்தக் குட்டிக்கும் அதன் பிறகு பால் தேவைப்படாது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். குட்டி வளர வளர உடம்பு அதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். மனிதனும் ஆதியில் அப்படித்தான். பிறகு அவன் மாட்டைப் பழக்கினான். தலைமுறை தலைமுறையாகப் பாலை நம்பி வாழ்ந்த கூட்டங்களில், வளர்ந்த பிறகும் அந்த நொதி நிற்காமல் சுரக்கும் ஒரு மாற்றம் யாரோ சிலருக்கு வாய்த்தது. விளைச்சல் பொய்த்த காலத்தில் அவர்களுக்கு அது கைகொடுத்திருக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள், பெருகினார்கள். மாடு வளர்க்கும் பழக்கம் மாடு வளர்த்தவனின் குடலையே மாற்றிவிட்டது. நம் பக்கத்தில் அந்த மாற்றம் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், கிடைக்காதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். கிடைக்காதவர்கள் அதற்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. ஒரு கரண்டி உறைமோரைப் பாலில் விட்டு மூடி வைத்தார்கள். குடல் செய்யாத வேலையில் ஒரு பங்கைப் பானைக்குள் இருந்த நுண்ணுயிர்கள் செய்து கொடுத்தன. தயிரும் மோரும் எனக்கு நன்றாகவே ஆகும். இந்த இடம் வரும்போது மொத்த வகுப்பும் என் வயிற்றையே பார்க்கும்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன், மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி வாடிப்பட்டிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்துக்காரி. பரம்பரையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். நெல், தென்னை, நான்கைந்து மாடுகள். நாங்கள் இருவரும் பி.எட். ஒன்றாகப் படித்தோம். நாங்கள் புராட்டஸ்டன்ட், அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு அவள் வீட்டில் நின்றபோது அவள் அப்பா சண்டை போடவில்லை, கையை ஓங்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்குப் பொறக்குற பிள்ள எந்தச் சாமியக் கும்பிடும்?" அதோடு பேச்சை நிறுத்தியவர்தான். பதிவு அலுவலகத்துக்கும் வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. அவள் அம்மா மட்டும் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போன் செய்வார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. அந்தக் கேள்விக்கு நான் மனதுக்குள் விதவிதமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீளமாக ஒன்று, மரியாதையாக ஒன்று, கோபமாக இரண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் கோபமும் பெருமையும் சேர்ந்தே வரும். "எங்கப்பா ஒண்ணு நெனச்சா நெனச்சதுதான். முருகனுக்கு நேர்ந்துக்கிட்டுப் பாலையே விட்டுட்டாரு தெரியுமா? வீடு நெறையா மாடு. ஒரு வாய் குடிச்சு நான் பாத்ததில்ல." அப்படிப்பட்ட வைராக்கியக்காரர் மகளை மட்டும் சீக்கிரம் மன்னித்துவிடுவாரா என்று அவள் அழுவாள். நானும் சேர்ந்து வருத்தப்படுவேன். பாலின் சர்க்கரையைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்துகிறவனுக்கு அப்போது வேறெந்த யோசனையும் வரவில்லை.

போன வருடம் ஒருநாள் மாமியார் போன் செய்தார். இந்த முறை மெதுவாகப் பேசவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது, சீம்பால் எல்லாம் முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாமிக்குப் பால் வைக்கிறோம் என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பாதான் சொல்லச் சொன்னாரு" என்றார். என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வாருங்கள் என்று கூப்பிட அந்த மனிதருக்கு வாய் வராது. மாடு கன்று போட்டதைச் சொல்லியனுப்புவதுதான் அவர் கூப்பிடுகிற விதம்.

"அம்மாட்ட சொல்லிர்றேன், உங்களுக்குப் பால் ஆகாதுன்னு" என்றாள்.

"வேணாம். ஆறு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்காங்க. வரும்போதே வயித்த முன்னால அனுப்பி வைக்கவா?" என்றேன். வீறாப்புத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு நைசாக வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிறு ஆராதனைக்கு வராததற்கு என் அம்மாவிடம் ஒரு பாட்டு வாங்கிக்கொண்டு, வண்டியில் மகளை முன்னால் நிறுத்தி, சமயநல்லூர் வழியாகப் போனோம்.

மாமனார் தொழுவத்தில் நின்றிருந்தார். நல்ல உயரம், வெள்ளை மீசை. மகளைப் பார்த்து "வாம்மா" என்றார். என்னைப் பார்த்து "வாங்க சார்" என்றார். மாமனார் வாயிலிருந்து வரும் 'சார்' எவ்வளவு தூரத்தில் நம்மை நிறுத்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு வயதுப் பேத்தியிடம் மட்டும் குனிந்து, கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொட்டாள். அவர் மீசை அசைந்தது.

வீட்டுக்குள் முருகன் படத்துக்கு முன்னால் புதுப்பாலைக் காய்ச்சி வைத்துச் சூடம் காட்டினார்கள். நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூசை முடிந்ததும் மாமியார் எங்கள் இருவரையும் பாயில் உட்காரச் சொன்னார். "ஒங்களுக்குப் பால் பழமே குடுக்கலியே தம்பி" என்றார். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முதலில் கொடுப்பது பாலும் பழமும். எங்களுக்கு அது ஆறு வருடம் தாமதமாக, மடியில் பிள்ளையோடு கிடைக்கிறது. படத்துக்கு முன்னால் வைத்திருந்த பாலையே ஊற்றி, பெரிய எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார். என் மனைவி மடக்கு மடக்கென்று குடித்துவிட்டாள். நான் பழத்தை முழுசாகத் தின்றேன். பாலில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

மாமியார் டம்ளரைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"படச்சதுன்னு வேணாங்குறாரு போல" என்றார் மாமனார். யாரிடம் என்றில்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல மாமா, பால் வயித்துக்கு ஆகாது, அதான்."

அவர் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "சாமிக்கு வச்சத வேணாம்னு சொல்றவங்க எல்லாரும் வயித்தத்தான் சொல்லுவாங்க. பாத்திருக்கேன் சார்."

அவர் சொன்னது முழு உண்மை. என் அம்மாவே அப்படித்தான். பக்கத்து வீட்டில் சரஸ்வதி பூசைச் சுண்டல் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, "எனக்குச் சுண்டல் வாயுங்க" என்பார். கொழுக்கட்டை வந்தால் சர்க்கரை வியாதி வந்துவிடும். யார் மனதும் புண்படாமல் படையலை மறுக்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி வயிற்றின் மேல் பழி போடுவது. வாங்குகிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். காலம் காலமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்தப் பொய்யை, நான் நிஜமாகச் சொல்ல வேண்டி வந்துவிட்டது. நொதியைப் பற்றி அங்கே விளக்கினால் இன்னும் பெரிய பொய்யாகத்தான் கேட்கும்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, அவள் அப்பாவையும் பார்க்கவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆறு வருடம் அவள் கண் முன்னால் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மீதா, என் அம்மா மீதா, என் குடல் மீதா என்று பிரிக்க முடியாத ஆத்திரம். டம்ளரை எடுத்து அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மாமியார் ஆசையாக இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தேன்.

மாமனார் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "தோப்பப் பாத்துட்டு வருவமா சார்?" என்றார். மறுக்க முடியுமா?

வாய்க்கால் கரையில் நடந்தோம். பெரியாற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எதிரே சிறுமலை தெளிவாகத் தெரிந்தது. அவர் போர்வெல் போட்டதையும் தென்னையில் வெள்ளை ஈ விழுந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. வயிறு ஒருமுறை சத்தம் போட்டது. அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடியும் சத்தம். நான் நின்றுவிட்டேன்.

"மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போங்க" என்றார். "தொட்டியில தண்ணி இருக்கு. வாளியும் அங்கதான் கெடக்கு."

ஓடினேன். அந்த நேரத்தில் என் மானத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கொஞ்சம் ஆசுவாசமானபோது, வரப்பில் யாரோ ஒருவர் வருகிற சத்தம் கேட்டது. மாமனாரின் குரல் உடனே எழுந்தது. "அங்கிட்டுப் போகாதப்பா, பாம்பு கெடக்கு. நல்ல பாம்பு. சுத்திப் போ." வந்தவர் சுற்றிப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நெசமாவே ஆகாதா?"

"ஆகாது மாமா. சின்ன வயசுலருந்தே."

"எம்புட்டு நேரத்துல வருது?"

"அரை மணி நேரம்."

"எனக்கு முக்கா மணி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தொட்டியின் காய்ந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் கல்யாணத்தில் பால் பழம் கொடுத்திருக்கிறார்கள். புது மாப்பிள்ளை பெண் வீட்டுக் கொல்லையிலேயே பாதி நாளைக் கழித்திருக்கிறார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தாராம். அடுத்த மாதமே முருகனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லிப் பாலை விட்டுவிட்டார்.

"நெசத்தச் சொல்லிருக்கலாமே மாமா."

"மாடு வச்சிருக்கவன் எனக்குப் பால் ஆகாதுன்னா எங்க வீட்டுப் பால எவன் வாங்குவான்? மாட்டுல கோளாறும்பான். இல்ல, எனக்குக் கோளாறும்பான். சாமின்னுட்டா ஒரு பய கேக்க மாட்டான்."

"அத்தைக்கும் தெரியாதா?"

"தெரியாது. முருகனுக்குத் தெரியும். எம் பங்குப் பால மாசாமாசம் கிருத்திகைக்கு அபிஷேகத்துக்குக் குடுத்துருவேன். அவருக்கும் எனக்கும் அது சரியாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுக்கு ஆகாததை மறைக்க இவர் சாமியைச் சொல்லியிருக்கிறார். சாமிக்கு ஆகாது என்பதை மறைக்க என் ஆட்கள் வயிற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தன் ரகசியத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் அவர் காலையில் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பயமாக இருந்த மனிதரின் குடல் அச்சு அசலாக என் குடல்தான் என்று தெரிந்தபோது, அவர் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. அதைச் சொல்லத் தெரியாமல் பாடம் நடத்தினேன்.

"இது கோளாறே இல்ல மாமா. ஆதியில எல்லா மனுசனுக்கும் நம்ம வயிறுதான். பால் குடிக்க முடியுறவங்கதான் மாறிப் போனவங்க."

அவர் யோசித்தார். "அப்பக் கோளாறு நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கா?" என்றார். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். அந்த 'நம்ம வீடு' எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

நாங்கள் வீடு வந்து சேர்ந்ததும் மாமியார் பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்டு மறுபடி பால் காய்ச்சி வைத்திருந்தார். டம்ளரோடு என்னிடம் வந்தவரை மாமனார் மறித்தார்.

"மாப்ளைக்குப் பால் வேணாம். மோர் குடு."

மாப்ளை. என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். சட்டென்று திரும்பித் தொழுவத்துப் பக்கம் போய்விட்டாள். அவள் எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியும்.

"ஏன், காலையில குடிச்சாருல்ல?" என்றார் மாமியார்.

"நம்ம மனசு கோணக் கூடாதுன்னு குடிச்சிருக்காரு. அவரும் பால நேர்ந்து விட்டவராம்."

"அவுக வேதக்காரங்கல்ல? எந்தச் சாமிக்கு?"

மாமனார் ஒரு நொடி தயங்கினார். "அவுங்க சாமிக்குத்தான்" என்றார். "எல்லாச் சாமியும் குடுத்தா வாங்கிக்கிரும்."

எங்கள் சபையில் நேர்த்திக்கடன் என்ற பேச்சே கிடையாது. என் அம்மா கேட்டால் மயங்கி விழுவார். நான் வாயைத் திறக்காமல் மோரை வாங்கிக் குடித்தேன். கறிவேப்பிலை, இஞ்சி, கொஞ்சம் பெருங்காயம். அவ்வளவு நல்ல மோரை நான் அதற்குமுன் குடித்ததில்லை. மாமியார் என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழக் கிளம்பினோம். என் மனைவியின் கையில் மாமனாரே ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். தயிர். மகள் அம்மாச்சி கொடுத்த பாலைக் குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளைக் கோட்டோடு வண்டியில் ஏற நின்றாள். அவர் தன் துண்டால் அந்தக் கோட்டைத் துடைத்தார்.

"பாப்பாவுக்கு ஆகுதா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் பக்கத்திலிருந்து அவளுக்குக் கிடைத்தது ஆகாத வயிறு. என் மனைவிக்குப் பால் ஆகிறது, ஆனால் அவளுக்குள்ளும் இவருடைய பங்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அதில் எது பிள்ளைக்குப் போயிற்றோ. காசைச் சுண்டிவிட்டாயிற்று, இன்னும் கீழே விழவில்லை.

"இப்பதைக்கு ஆகுது மாமா. எட்டு வயசு வாக்குலதான் தெரியும்."

"ஆகலேன்னா சொல்லுங்க. அவளுக்கும் நேர்ந்துக்குவோம்."

அவ்வளவில் வண்டியைக் கிளப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்தச் சாமிக்கு மாமா?"

கேட்ட பிறகுதான் அது ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி என்று எனக்குப் புரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவியின் கை என் தோளை இறுக்கியது. அவர் பேத்தியின் தலையில் கையை வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"அத அவ பெருசாயிச் சொல்லட்டும் மாப்ள" என்றார். "பாத்துப் போங்க. தயிரு சிந்தாம."